முன்சில்லின் கீழ் ஒரு தேசிக்காய்

சுவிஸின் கூர் நகருக்கு அப்பால், பழைய இராணுவ விமானத்தளத்தின் ஓடுபாதையில் பன்னிரண்டு பேர் வரிசையாகக் குனிந்து கல் பொறுக்கியபடி நடக்கிறார்கள். மலைச்சரிவில் காலை வெயில் மெல்லக் கீழிறங்குகிறது. மாணவர்கள் கட்டிய மின்சாரக் கார் இன்று வேகச் சாதனைக்கு ஓடப்போகிறது. பாலைவனத்தில் சாதனை ஓட்டங்களுக்குப் பாதை போடுகிறவர்களும் இப்படித்தான் கையால் கல் பொறுக்குவார்களாம். தவமலருக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. ஆனாலும் மற்றவர்கள் தாண்டிப்போகிற பொடிக்கல்லைக்கூட அவள் விடுவதில்லை. போன ஐப்பசியில் ஒரு வளைவில் கிடந்த சரளைக்கல்லில்தான் கணவரின் மோட்டார் சைக்கிள் சறுக்கியது, அவர் எழும்பவேயில்லை. இன்று காரை ஓட்டப்போவது மகள் ஹரிஷா.

நடந்து முடிகிற இடத்தில் கார் நிற்கிறது. தவமலர் சட்டைப்பையிலிருந்து தேசிக்காயை எடுத்து முன்சில்லின் கீழ் வைக்கக் குனிகிறாள். “அம்மா, விசரோ? ரெண்டு கிலோமீற்றர் பொறுக்கிப்போட்டு இப்ப நீங்களே குப்பை போடுறியளோ?” என்று ஹரிஷா சிரிக்கிறாள். “மோட்டச்சைக்கிளுக்கு வைக்க விடாமல் கொப்பரும் இப்பிடித்தான் சிரிச்சவர்,” என்கிறாள் தவமலர், கணவரை நினைத்து. சிரிப்பு நின்றுவிடுகிறது. ஹரிஷா தோழர்களிடம் ஜெர்மனில் ஏதோ சொல்கிறாள். ஏன் என்று ஒருவரும் கேட்காமல் ஓடுபாதையில் சாறு படாதபடி காரை ஓரப் புல்லுக்குத் தள்ளுகிறார்கள். தவமலர் அங்கே வைத்த தேசிக்காய் முன்சில்லில் நசுங்கி, புளிப்பு மணம் எழுகிறது. ஹரிஷா ரயரைத் துணியால் அழுத்தித் துடைக்கிறாள். “சரிதானே, போவமோ?” “பொறு பிள்ளை.” தவமலர் முழந்தாளிட்டு, ரயர் வெட்டில் சிக்கியிருக்கும் ஒற்றை விதையை நகத்தால் கிளறி எடுக்கிறாள்.