ஏழு ஸ்க்ரூ போட்ட கை

செஞ்சி மார்க்கெட் கமிட்டியில் நெல் மூட்டை தூக்கும் பிலவேந்திரனுக்கு மேல்கை எலும்பு உடைந்துபோனது. டாக்டர் ஷோபனா பிளேட் வைத்து ஏழு ஸ்க்ரூ முடுக்கினார். சிறு எலும்புத் துண்டு ஒன்று மட்டும் எந்த ஸ்க்ரூவிலும் பிடிபடவில்லை. அது கூடாவிட்டால் இனி மூட்டை தூக்க முடியாது. நர்ஸ் கீர்த்தனா ஒவ்வொரு ஸ்க்ரூவையும் வாய்விட்டு எண்ணிக் கேஸ் ஷீட்டில் எழுதினாள்.

ஆறாவது வாரம் எடுத்த எக்ஸ்ரேயில் எட்டு ஸ்க்ரூ இருந்தன. எட்டாவது, பிளேட்டுக்கு வெளியே, அந்தத் துண்டை நேராகப் பிடித்திருந்தது.

தான்தான் தப்பாக எண்ணியிருப்போம் என்று கீர்த்தனா பயந்தாள். ஸ்க்ரூ பெட்டியைத் திறந்து மிச்சத்தை எண்ணினாள். அவருக்குப் போனது ஏழுதான் என்று கணக்கு சரியாக இருந்தது. படத்திலிருந்த பெயரும் பிலவேந்திரனுடையதுதான். மறுபடி எடுத்த படத்திலும் எட்டு.

"இன்னா சிஸ்டர், ரேஷன் அரிசியில கல்லு பொறுக்குற மாதிரி பாக்குறீங்க? எலும்பு கூடிச்சா இல்லியா?" என்றார் பிலவேந்திரன்.

"கூடிக்கினு வருதுண்ணா."

"கேஸ் ஷீட்ல ஏழுன்னே இருக்கட்டும்மா," என்றார் டாக்டர் மெதுவாக.

ஐந்தாம் மாதப் படத்தில் எலும்பு ஒரே தண்டாகக் கூடியிருந்தது. ஸ்க்ரூ ஏழுதான்.

"காலையில எந்திரிச்சா தலகாணி மேல இது கெடந்திச்சி சிஸ்டர்," என்று பிலவேந்திரன் ஒரு ஸ்க்ரூவைக் கீர்த்தனாவின் கையில் வைத்தார். அவர் தோலில் புதுக் காயம் எதுவும் இல்லை.

"நாளைக்கி கமிட்டிக்குப் போலாமா டாக்டர்?"

"தாராளமா போங்க."

பிலவேந்திரன் கையைத் தலைக்கு மேலே நேராகத் தூக்கினார். டாக்டரைப் பார்க்க வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். கீர்த்தனா மட்டும் தட்டவில்லை. மூடிய உள்ளங்கைக்குள் ஸ்க்ரூ இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது.