ரீவைண்ட் வேண்டாம்

"ப்ளே மட்டும் ஓடினா போதும் அண்ணா. ரீவைண்டும் ஃபார்வர்டும் வேலை செய்ய வேண்டாம்."

மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார். இருபத்தெட்டு வருஷத் தொழிலில் எத்தனையோ வகை ஆட்களைப் பார்த்துவிட்டார். ரிப்பேர் பண்ணாதீர்கள் என்று கேட்டு வந்த முதல் ஆள் இந்த அம்மாதான்.

மேஜை மேல் அந்தப் பழைய காசெட் டெக் திறந்து கிடந்தது. ப்ளே ஓடாததற்குக் காரணம் இளகிப்போன பெல்ட். ரீவைண்டும் ஃபார்வர்டும் சுற்றாததற்குக் காரணம், உள்ளே ஒரு சின்னச் சக்கரத்தின் மேல் இருக்கும் ரப்பர் வளையம். மோதிரம் அளவுதான் இருக்கும். தேய்ந்து வழவழப்பாகிவிட்டால் பிடிமானம் போய்விடும்.

"ரெண்டும் சின்ன வேலைதான்மா. ஒரே தடவையில முடிச்சிடலாம்."

"வேண்டாம் அண்ணா."

"காசு அதிகமாகாதும்மா."

"காசுக்காகச் சொல்லலை. காரணம் கேக்காதீங்க, உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பாராமல் போய்விட்டாள்.

அடுத்த தெரு டெய்லரின் மனைவி அவள். டெய்லர் கடை இரண்டு மாதமாகப் பூட்டிக் கிடக்கிறது. முதுகுவலி என்று கேள்வி.

மதியம் டெய்லரே போனில் வந்தார்.

"பெட்டி வந்துச்சா? ரீவைண்டை முதல்ல பாருங்க. அது போனதுலேர்ந்து ரொம்பச் சிரமமா இருக்கு."

"அப்படி என்ன கேக்கறீங்க அதுல?"

"எங்க அக்கா பேசின காசெட். அவங்களுக்கு எழுத வராது. வெளியூர்லேர்ந்து லெட்டருக்குப் பதிலா பேசிப் பதிவு பண்ணி அனுப்புவாங்க. அம்மா போனதும் என்னை வளர்த்தவங்க. இப்ப அவங்களும் இல்லை."

"முழுக் காசெட்டும் பேசியிருக்காங்களா?"

"பத்தே நிமிஷம். ஒரு நாளைக்கு நாலு தடவையாவது கேட்டாத்தான் எனக்கு மனசு ஒரு நிலைக்கு வருது."

மெக்கானிக்குக்கு விஷயம் விளங்கிவிட்டது. நாத்தனார்! உயிரோடு இருக்கிற நாத்தனாரோடு ஒத்துப்போகவில்லை என்றால் அது ஊர் உலகத்தில் இல்லாத சங்கதியா? ஆனால், செத்துப்போனவளின் பத்து நிமிஷப் பேச்சைக்கூடப் பொறுக்காத ஒருத்தியை இப்போதுதான் பார்க்கிறார்.

அவருக்கும் ஓர் அக்கா இருந்தாள். அவள் குரலில் ஒரு வார்த்தைகூட எங்கேயும் மிச்சமில்லை. அதை நினைத்ததும் கோபம் இரண்டு மடங்காயிற்று.

பெல்ட்டை மாற்றினார். பழைய ரப்பர் வளையத்தை நெம்பி எடுத்து, சக்கரத்தை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, புதிதை மாட்டினார். கடையில் கிடந்த ஒரு காசெட்டைப் போட்டு ரீவைண்ட் பட்டனை அமுக்கினார். டேப் சர்ரென்று பின்னால் ஓடியது.

அவள் வந்து வாங்கிப் போகட்டும் என்று காத்திருக்க மனம் வரவில்லை. கடையைச் சாத்திவிட்டுப் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

கதவைத் திறந்தவள் அவரைப் பார்த்ததும் தயங்கினாள்.

"எல்லாத்தையும் சரி பண்ணிட்டேன்மா. ரீவைண்டையும் சேர்த்துத்தான்."

அவள் முகம் வெளுத்தது. "மெதுவாப் பேசுங்க அண்ணா, அவர் காதுல விழப்போகுது."

"விழட்டுமே! செத்துப்போன நாத்தனார் மேல அப்படி என்னம்மா ஆத்திரம் உனக்கு?"

"ஆத்திரமா? எனக்கா?" அவள் கண் கலங்கிவிட்டது. உள்ளறைக் கதவைக் கொஞ்சமாகத் தள்ளினாள்.

ஜன்னலோரம் டெய்லர் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். இடது கையில் காசெட். டேப்பைக் கையால் பின்னோக்கிச் சுற்ற, அதன் சக்கரப் பல்லுக்குள் ஒரு பென்சில் செருகியிருந்தது. பென்சிலைப் பிடித்திருந்த வலது கை நடுங்கியது. கட்டைவிரல் கொஞ்சம் நகர்ந்து நின்றது. மறுபடி நகர்ந்தது. அவர் சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

"பக்கவாதம் அண்ணா," என்றாள் அவள் குரலைத் தாழ்த்தி. "டெய்லருக்குக் கை போச்சுன்னு தெரிஞ்சா யார் துணி தருவாங்க? வெளியே மூச்சு விடக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்கார். இன்னிக்கு அதையும் மீறிட்டேன்."

மெக்கானிக் கதவிடுக்கு வழியாக அந்தப் பென்சிலையே பார்த்தார்.

"விரலுக்குப் பயிற்சி பண்ணச் சொல்லி டாக்டர் ஒரு பந்து கொடுத்தார். நான் என்ன குழந்தையான்னு ஜன்னல் வழியா வீசிட்டார். நானும் கெஞ்சாத நாள் இல்லை. அப்பத்தான் இந்த ரீவைண்ட் கெட்டுது. முதல்ல பென்சில் கையில நிக்கவே இல்லை. இப்ப பாருங்க. அக்கா பேச்சை ஒரு தடவை கேக்கணும்னா முந்நூறு சுத்து. எனக்காகப் பண்ணாததை அவங்களுக்காகப் பண்றார்."

மெக்கானிக் கூனிக் குறுகிப்போனார். இந்தப் பெண்ணையா அப்படி நினைத்தோம்!

"யாரது? மெக்கானிக்கா?" உள்ளேயிருந்து டெய்லரின் குரல் ஆவலோடு வந்தது. "ரீவைண்ட் சரியாயிடுச்சா?"

"ஒரே நிமிஷம், ஒரு ஸ்க்ரூ லூசா இருக்கு."

பெட்டியைத் தரையில் வைத்து மண்டியிட்டார். மூடியைக் கழற்றி, தன் கையாலேயே மாட்டிய புது வளையத்தை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"இல்லீங்க," என்றார் உள்ளே பார்த்து. "அதுக்கு வேண்டிய ரப்பர் எங்க தேடியும் கிடைக்கலை. இன்னும் கொஞ்ச நாளைக்கு நீங்கதான் சுத்தணும்."