தானாகக் கனிந்த ஒலி

கிட்டார்க்காரர் குப்பைக்கூடையைத் தரையில் கவிழ்த்துவிட்டு மண்டியிட்டுத் தேடிக்கொண்டிருந்தார். வைர மோதிரம் தொலைத்தவர்கூட இத்தனை கண்ணீரோடு தேடியிருக்க மாட்டார்.

“விடுங்க சார். மிளகு சைஸ்தான் இருக்கும். மத்தியானம் கடையைக் கூட்டித் தெருக்குப்பையில கொட்டிட்டேன்” என்றார் மெக்கானிக்.

மேஜைமேல் அந்தப் பச்சைப் பெட்டி வயிறு திறந்து கிடந்தது. ஓவர்டிரைவ் பெடல். கிட்டாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே போட்டுக் காலால் ஒரு மிதி மிதித்தால், அதுவரை சாதுவாக இருந்த கம்பி தொண்டை கரகரத்து அழும். இதைவிட நூறு வித்தை காட்டும் பெட்டிகள் வந்தாயிற்று. ஆனாலும் மூன்று திருகும் ஒரு பொத்தானும் உள்ள இந்தப் பழசைத்தான் கிட்டார்க்காரர்கள் நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறார்கள்.

நம்மவர் அந்தக் கூட்டத்துக்குத் தலைவர். உள்ளே இருக்கும் சிப் எந்த வருடத்தது, தொழிற்சாலையில் அதைப் பற்றவைத்த பெண்மணி அன்றைக்கு எவ்வளவு நல்ல மனநிலையில் இருந்திருப்பாள் என்பதுவரை, மேடை கிடைத்த இடமெல்லாம் பேசுவார். கிடைக்காத இடத்திலும் பேசுவார்.

அவருடைய மனைவிக்குக் காது கேட்கும் கருவிகளைப் பழுதுபார்க்கும் வேலை. புருஷன் கெடுத்து அனுப்பும் காதுகளைத்தான் பெண்டாட்டி கவனித்துக்கொள்கிறார் என்று நண்பர்கள் சொல்வதுண்டு. மனைவி இப்போது கடை வாசலில் ஸ்கூட்டரில் காத்திருந்தார்.

காலையில் பெடல் திடீரென்று ஊமையாகிவிட்டது. மெக்கானிக் ஒரு மணி நேரத்தில் அதைப் பேசவைத்தார். ஸ்டூடியோவுக்கு ஓடிப்போய் மிதித்தால், தகரத்தைக் கல்லில் தேய்த்தது போல் கத்தியது.

இசையமைப்பாளர் காதைப் பொத்திக்கொண்டார். “உங்களைக் கூப்பிட்டதே அந்த வெண்ணெய் மாதிரி சவுண்டுக்குத்தான். நாலு மணிக்குள்ள அது வரணும். இல்லேன்னா கீபோர்டுல வாசிச்சுக்கறேன்.”

இரண்டு வருடத்தில் கிட்டார்க்காரருக்கு வந்த ஒரே அழைப்பு அது. இப்போது மணி மூன்று பத்து.

“உள்ள என்னதான்யா பண்ணினே?”

“விட்டுப்போன ஒயரைப் பத்தவெச்சேன். கூடவே மிளகு மாதிரி ஒரு கெப்பாசிட்டர் குறுக்கே ஒட்டிக்கிட்டிருந்துச்சு. இந்த மாடலோட சர்க்யூட் படத்துல அப்படி ஒண்ணு கிடையவே கிடையாது. யாரோ போட்ட ஒட்டுவேலை. எடுத்து எறிஞ்சிட்டு, சுத்தமா ஒரிஜினலாக்கிட்டேன். அதுக்குத் தனியாக் காசுகூட வாங்கல சார்!”

“யாரோவா? இருபது வருஷமா இதை இன்னொருத்தன் தொட விட்டதில்லய்யா! படத்துலகூடக் காட்டாம கம்பெனிக்காரன் ஒளிச்சுவெச்ச ரகசியம் அது. வாங்கின புதுசுல காதைக் கிழிக்கும். அடுத்த வருஷம் எங்க பாப்பா பொறந்த ராசி, தானாக் கனிஞ்சுது. அதைப் போய்க் குப்பையில போட்டுட்டியே, பாவி!”

“தானாக் கனியறதுக்கு இது என்ன பழமா சார்?”

“வியாக்கியானம் வேண்டாம். அதே மாதிரி இன்னொண்ணு போடு.”

மெக்கானிக் இழுப்பறையை இழுத்தார். பழுப்பும் நீலமுமாக, கைப்பிடி கைப்பிடியாக மிளகுகள். “இதுல எதை? அதுமேல என்ன நம்பர் இருந்துச்சுன்னு நான் பார்க்கலையே. ஒவ்வொண்ணாப் போட்டுப் பார்த்தா நாளைக்குச் சாயங்காலம் ஆயிடும்.”

கிட்டார்க்காரரின் கைபேசி அடித்தது. “வந்துட்டே இருக்கேன் சார், சிக்னல்ல நிக்கறேன்” என்றார், மண்டியிட்டபடியே. கைபேசியை வைத்ததும் குப்பையை மறுபடி கிளறினார்.

“எனக்குன்னு இருந்தது அந்த ஒரு சவுண்டுதான்யா. விரல் எல்லாருக்கும் பத்துதானே!”

சத்தம் கேட்டு மனைவி உள்ளே வந்தார். தரையில் குப்பை, குப்பை நடுவே கணவர். மெக்கானிக் நடந்ததைச் சொல்லச் சொல்ல, அவர் கைப்பையை ஸ்டூல்மேல் வைத்துவிட்டு இழுப்பறையைக் கிளற ஆரம்பித்தார்.

“நூத்தி மூணு நம்பர் இருக்கா தம்பி?”

“அந்த மூலையில பாருங்கக்கா.”

ஒரு பழுப்பு மிளகை எடுத்துக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். பற்றவைக்கும் கோலைக் கையில் எடுத்தார்.

“ஏய், தொடாதே! அதெல்லாம் உனக்குப் புரியாது!” கிட்டார்க்காரர் எழுந்து பாய்வதற்குள், பெட்டிக்குள் இரண்டு இடத்தில் மெல்லிய புகை எழுந்து அடங்கியது.

“இப்ப வாசிங்க.”

சுவரில் சாத்தியிருந்த கிட்டாரை எடுத்து, கடை ஸ்பீக்கரோடு ஒயரைச் செருகி, பெடலை மிதித்து, கம்பியை ஒரு இழுப்பு இழுத்தார். வெண்ணெய்! இருபது வருடமாக மேடைதோறும் விளக்கம் சொல்லிவந்த அதே வெண்ணெய். மெக்கானிக் வாயைப் பிளந்தார்.

கிட்டார்க்காரர் பெடலையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார்.

“கம்பெனி ரகசியம்... அந்த நம்பர் உனக்கெப்படித் தெரியும்?”

மனைவி கோலின் நுனியை ஈரப் பஞ்சில் துடைத்து, அதன் இடத்தில் வைத்தார்.

“மறக்குமா? அன்னிக்குப் பாப்பாவுக்கு ஜுரமும் நூத்தி மூணு. எவ்வளவு கெஞ்சியும் நீங்க வாசிக்கறதை நிறுத்தல. குழந்தை தூங்கட்டும்னு நான்தான் வெச்சேன்.”