தசை கவ்விய ஊசி

இறங்கிய ஊசியைத் தசை கவ்விப் பிடிக்க வேண்டும். அந்தப் பிடி விரல்நுனிக்குத் தெரிந்தால்தான் அக்குபங்சர் பார்க்கும் ரெஜினாவுக்கு நம்பிக்கை வரும். தடைதாண்டி ஓடும் இசக்கியின் காலிலோ, தசை கிழிந்த பின்தொடை முதல் குதிகால்வரை, இத்தனை நாளும் ஊசிகள் வெண்ணெயில் செருகியதுபோலச் சும்மாவே நின்றன. இன்றும் அப்படித்தான். குப்புறப் படுத்தவள் தூங்கியே போய்விட்டாள்.

கதவருகே பயிற்சியாளர் தேவசகாயம் வந்து நின்றார். "நாளைக்கு ஓட்டம். இவ பேர லிஸ்ட்ல இருந்து அடிச்சிரவா மேடம்?"

ரெஜினா ஊசிகளை உருவக் கையை நீட்டினாள். அந்நேரம் பார்த்துப் பக்கத்து மைதானத்தில் யாரோ விசில் ஊதினார்கள். ஊசிகள் சிலிர்த்தன. முதலில் குதிகாலருகே, பிறகு கெண்டைக்காலில், பிறகு தொடையில், காற்று புகுந்த நாணல்போல. தொடை ஊசியை மெல்ல இழுத்தாள். வரவில்லை. மறுபடி இழுத்தாள். மீன் கவ்விய தூண்டிலாக அது உள்ளே சுண்டியது. இசக்கியோ எதுவும் அறியாமல், வாய் லேசாகத் திறந்திருக்கத் தூங்கினாள். ரெஜினா ஊசியிலிருந்து விரலை எடுத்துக்கொண்டாள்.

"என்ன மேடம், எடுத்தாச்சா?"

"சத்தம் போடாதீங்க சார்," என்றாள் ரெஜினா, குரல் எழும்பாமல். "அவ ஓடிக்கிட்டிருக்கா."