விரிக்கிற ஆள் லீவு

"யார் வழியில வந்ததாம்?"

மதுரை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் தென்காசி வீட்டு வாசலில் கால் வைத்த மகனிடம் மாடத்தி கேட்ட முதல் கேள்வி இதுதான்.

பேரன் புவனேஷுக்கு நாலு வயது. இன்னும் பேச்சு வரவில்லை.

"உள்ள வர விடும்மா," என்றான் சுபாஷ்.

"சொல்லிட்டு வாலே. அவ வழின்னா, பிள்ளையத் தூக்கிட்டு இப்படியே மேலகரத்துக்குப் போவட்டும். அவ அப்பன் வீட்லயே பேச வச்சுக் கூட்டிட்டு வரட்டும்."

தோளில் தூங்கும் பிள்ளையோடு அவன் மனைவி உமாராணி வாசலிலேயே நின்றாள்.

மாடத்தியின் தம்பி வீரபாகு, குற்றாலத்தில் லாட்ஜ் வைத்திருப்பவர், இதற்கென்றே வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "மூளையில என்னதாம்லே கோளாறு?"

சுபாஷ் ஜவுளிக்கடையில் சேலை செக்‌ஷன். தனக்குத் தெரிந்த மாதிரி சொன்னான்.

"மாமா, மூளை எப்படி வளரணும்ங்கிற விவரமெல்லாம் டி.என்.ஏ.ல இருக்கு. ஆனா சேலை மாதிரி மடிச்சு அடுக்கியிருக்கு. விரிச்சாத்தான டிசைன் தெரியும்? விரிக்கதுக்குன்னு சில ஜீன் உண்டு. அதுல ஒண்ணு ஏ.ஆர்.ஐ.டி. ஒன் பி. எல்லாருக்கும் அது ரெண்டு இருக்கும். இவனுக்கு ஒண்ணு வேலை செய்யலை."

"ஒருத்தன் லீவு," என்றார் வீரபாகு.

"கரெக்ட் மாமா."

மாடத்தி விடவில்லை. "லீவு போட்டது அவ அப்பன் வழி ஆளா, நம்ம ஆளா?"

உமாராணி வாயைத் திறந்தாள். சுபாஷ் திரும்பி முறைத்தான். அவள் மூடிக்கொண்டாள்.

"நம்ம ஆளுதாம்மா. எங்கிட்ட இருந்துதான் வந்திருக்கு."

"போலே! நீ பத்தாம் மாசமே பேசுனவன்."

"பேச்சு வந்துச்சு. புத்தி வந்துச்சா? கணக்குல எத்தனை தடவை பெயிலு?"

"அது அந்த வாத்தியார் சரியில்லை."

"எனக்கு வழியே தெரியாதும்மா. நம்ம பெரிய கோயிலுக்குள்ள போனாலே எந்த வாசல்ல வந்தேன்னு மறந்துருவேன்."

"கோயிலு பெருசுலே!"

சுபாஷுக்கு வியர்த்தது. உதவிக்கு யாராவது வர மாட்டார்களா என்று பார்த்தான்.

வீரபாகு தொடையில் தட்டினார். "எக்கா, ஒரு தடவை மே மாசம் இவன் உடம்பெல்லாம் எண்ணெயத் தேய்ச்சுக்கிட்டு மெயின் அருவிக்கு வந்தாம்லா? சீசனே தொடங்கலை. சொட்டுத் தண்ணி கிடையாது, வெறும் பாறை. அப்படியே பஸ்ஸுல ஏறி, கண்டக்டர் திட்டி இறக்கிவிட்டு, வழவழன்னு நடந்தே வீடு வந்து சேர்ந்தான். அன்னைக்கே எனக்குச் சந்தேகம்தான்."

"அதான் மாமா! அதான் அந்த ஜீன்!" சுபாஷ் பாய்ந்து போய் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

மாடத்தி மகனைப் பார்த்தாள். தம்பி உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பார்த்தாள். அன்று அவன் வந்து உட்கார்ந்த எண்ணெய்க் கறை அதில் இன்னும் இருந்தது.

"சரி, அதுக்கென்ன இப்போ?" என்றாள் கடைசியில். "நம்ம வீட்டு ஆம்பளைங்க மெதுவாத்தான் தெளிவாங்க. ஏட்டி, வாசல்ல என்னத்துக்கு நிக்கே? பிள்ளைக்குக் கழுத்து வலிக்கும்லா. உள்ள கொண்டு படுக்க வை."

அறைக்குள் போனதும் உமாராணி கதவைச் சாத்தினாள்.

"ஏங்க, நம்ம ரெண்டு பேர் ரத்தத்தையும் பார்த்தாச்சு, ரெண்டு பேர்ட்டயும் இல்லை, பிள்ளைக்குப் புதுசா வந்ததுன்னுதான டாக்டர் சொன்னாங்க? யார்ட்ட இருந்தும் வரலைன்னு அத்தைட்ட சொல்லிட்டுப் போவ வேண்டியதுதான?"

சுபாஷ் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

"யார்ட்ட இருந்தும் வரலைன்னா, எங்க அம்மையப் பொறுத்தவரைக்கும் உங்கிட்ட இருந்து வந்ததுன்னுதான் அர்த்தம்."