அக்காவுக்கு ஒரு நாள் ஓய்வு

வார்டுக்கு எத்தனை நர்ஸ் தேவை என்று கணக்கெடுக்க வந்த அதிகாரி, காலையிலிருந்து கடிகாரமும் கையுமாக நின்றார். வேலை நான்கு பேருக்கானது. இருப்பதோ மூவர். ஆனாலும் ஒரு விரிப்புகூடக் கசங்கிக் கிடக்கவில்லை.

"மூணு பேரே சமாளிக்கிறீங்களே சிஸ்டர், இன்னொருத்தர் எதுக்கு?" என்று தலைமை நர்ஸிடம் கேட்டார்.

போன வருடம் பணியிலேயே சுருண்டு விழுந்து போய்ச் சேர்ந்த மூத்த நர்ஸின் இடம் இன்னும் காலிதான். ஓரத்துப் படுக்கைக்காரர் மட்டும் தினமும், "அந்த உயரமான சிஸ்டர் இப்பதான் திருப்பிப் படுக்க வெச்சாங்க" என்பார். இருக்கும் மூவருமே குட்டை.

அதிகாரி பேனாவை மூடினார். தலைமை நர்ஸ் விறுவிறுவென்று மருந்து அறைக்குள் போய், காலி நாற்காலியைப் பார்த்து, "அக்கா, இன்னிக்கு ஒரு நாள் நீங்க உக்காருங்க. அப்பதான் ஆள் குடுப்பாங்க" என்றாள்.

நாற்காலி ஒருமுறை கிறீச்சிட்டது. அடுத்த நொடி, வார்டில் எல்லாப் படுக்கைகளிலும் அழைப்பு மணி அடித்தது.