பூட்டிய கேட்

“கம்யூனிஸ்டுக்காரன் குடுத்த விஷத்தைப் புண்ணாக்குல கலந்துதானே துரையோட மாடுங்களைக் கொன்ன? அவசரகாலச் சட்டத்துல தூக்குதான்டா!” மலாயாவின் சிரம்பான் நகரிலிருந்து தோட்டத்துக்கு வந்த இன்ஸ்பெக்டர் கத்தினார்.

“இல்லைங்கய்யா.” மாடு மேய்க்கும் சன்னாசி கைகூப்பினார்.

அவர் மனைவி பஞ்சாலை கொடுத்த கோப்பியை இன்ஸ்பெக்டர் குடித்தார். “உண்மையைச் சொல்ற வரைக்கும் தோட்டத்து கேட் திறக்காது.”

ரசாயனப் பரிசோதகர் மதார் மைதீன் அறிக்கையோடு வந்தார். “புண்ணாக்குல ஒண்ணுமில்ல சார். மாடுங்க தண்ணி குடிச்ச குளத்துல மிதக்கிற நீலப்பச்சைப் பாசிதான் விஷம். அந்தத் தண்ணியை ஊசியில ஏத்தின எலி ஒரு மணி நேரத்துல செத்துப்போச்சு. கொதிக்க வச்சாலும் விஷம் போகாது.”

பஞ்சாலை பதறினாள். “ஐயா, கிணறு வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கு. நீங்க கேட்டைப் பூட்டின மூணு நாளா லயத்து வீடுகள்ல எல்லாரும் குளத்துத் தண்ணியைத்தான் காய்ச்சிக் குடிக்கிறோம். உங்க கோப்பியும் அதுல போட்டதுதான்.”

இன்ஸ்பெக்டர் கையிலிருந்த கோப்பையைப் பார்த்தார். அது காலியாகியிருந்தது.